ஐப்பசி இடியும் வர்க்கிச்சனும்

கேரளத்தில் எங்கள் பாலா ஊர்ப்பக்கம் ஐப்பசி பிறந்தால் மதியத்துக்கு மேல் இடிதான். முதல் உறுமலிலேயே வீட்டுக்கு வீடு பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். டி.வி., ஃபிரிட்ஜ், வைஃபை பெட்டி எதற்கும் விலக்கில்லை. பக்கத்து வீட்டு வர்க்கிச்சனுக்கோ உறுமல்கூட வேண்டாம். வானம் கறுத்தாலே போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறை அறையாக ஓடுவார். யாராவது பெஞ்சை இழுத்தால்கூட இந்த மனுஷன் பிளக்கைத் தேடுவார் என்று அவர் மனைவி திரேசியாம்மா சேட்டத்தியே கேலி செய்வார்.

ஆனால் அவர் எதிரில் யாரும் சிரிப்பதில்லை. அவருடைய தம்பி ஜோயி, லேண்ட்லைன் போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது இடி விழுந்து இறந்தவர்.

அப்படியொரு ஐப்பசியில்தான் அயர்லாந்து ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு நர்ஸ் வேலைக்கான நேர்காணல் வந்தது. சாயங்காலம் நான்கு மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார வேண்டும். போனில் பேச அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தேன். இதுவும் போனால் ஏஜென்சிக்காரர்கள் என் பெயரையே எடுக்க மாட்டார்கள்.

பார்த்தால், லேப்டாப்பில் எங்கள் வீட்டு வைஃபையே வரவில்லை. போன் பிடிக்கிறது, லேப்டாப்பின் பட்டியலில் பெயர்கூட இல்லை. பழைய பெட்டி இடியில் கருகி, முந்தின நாள்தான் கேபிள்காரர் புதுசு மாட்டிவிட்டுப் போயிருந்தார். அவரைக் கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது. குவைத்திலிருந்து என் கணவர் பிஜு, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்றார். பண்ணினேன். மறுபடியும் அதையே சொன்னார். அந்த மனிதருக்கு வேறு வைத்தியம் தெரியாது. போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்துப் பேசலாமென்றால் எங்கள் மலைச்சரிவில் படம் நகரவே நகராது.

நான் போட்ட கூச்சலில் வர்க்கிச்சன் வேலியைத் தாண்டி வந்தார். லேப்டாப்பைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"குத்தம் எதுலன்னு இங்க உக்காந்து அழுதா தெரியுமா மோளே? அதைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வா. அங்க பிடிச்சா லேப்டாப் நல்லாத்தான் இருக்கு."

அங்கே உடனே பிடித்துக்கொண்டது. எங்கள் புதுப் பெட்டி அனுப்பும் வேகமான அலை, பழைய லேப்டாப்பின் கண்ணுக்கே தெரியாதாம். கேபிள்காரர் மறுநாள் வந்துதான் இதைச் சொல்லி, சரிசெய்தும் கொடுத்தார். அன்று அதற்கெல்லாம் நேரமில்லை. வர்க்கிச்சன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திரையில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் தோன்றியபோது ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் இருட்டிவிட்டன. ஒருத்தி கேள்வி கேட்டு முடிக்கவும் முதல் இடி இறங்கவும் சரியாக இருந்தது. வர்க்கிச்சன் ஓடினார். ஃபிரிட்ஜைப் பிடுங்கினார், டி.வி.யைப் பிடுங்கினார், என் லேப்டாப்பின் சார்ஜரையும் பிடுங்கினார். கடைசியில் வைஃபை பெட்டியின் பிளக்கில் கை வைத்தார்.

எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. மைக்கை அணைத்தேன்.

"பிடுங்கிக்கோங்க அச்சாயா. இன்னொரு நாள் கேட்டுப் பாக்குறேன்."

"நீ பேசு மோளே."

சேட்டத்தியை உள்ளறைக்கு விரட்டிவிட்டு, ரப்பர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து, பெட்டியை ஒட்டி நின்றுகொண்டார். உதடுகள் ஜெபமாலை சொல்லின. ஒவ்வொரு இடிக்கும் தோள் தூக்கிப்போட்டது. கை பிளக்குக்குப் போகும், அப்படியே திரும்பும். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பதில்களுக்குத்தான் வேலை கொடுத்தார்கள். ஆனால் அவற்றில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற அப்பனுக்குச் சொல்லாத நன்றியையெல்லாம் மனசுக்குள் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்கள் விடைபெற்றார்கள், திரை அணைந்தது. வர்க்கிச்சன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"முடிஞ்சுதா மோளே? இப்போ பிடுங்கிக்கட்டுமா?"

அவர் வீடு, அவர் பிளக். என்னிடம் கேட்கிறார். சரியென்று தலையை ஆட்டினேன்.