ஏழு நிமிஷச் சோறு

பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற பஸ் சாயங்காலம் ஏழேகாலுக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும். ஏழு நிமிஷம் நிற்கும். அதற்குள் டிரைவர் டீ குடிப்பார், ஜனங்கள் சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள், கண்டக்டர் செல்லக்கண்ணு ராத்திரிச் சாப்பாட்டை முடிப்பார். பக்கத்தில் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவர் மனைவி கலியம்மாள். பஸ் ஜெயங்கொண்டம் போய்த் தங்கிவிடும். கண்டக்டரும் அங்கேயே படுப்பார். 1978இல் இவர்களுடைய குடித்தனம் இப்படி நின்றவாக்கில்தான் நடந்தது.

கலியம்மாளுக்குத் தாலுகா ஆபீஸில் டைப் அடிக்கிற உத்தியோகம். ஆறேகாலுக்கு வீட்டுக்குள் வந்து பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்தால் ஏழு மணிக்குத் தூக்குவாளியை மூடிவிட வேண்டும். சட்டென்று வேக வேண்டும், சட்டென்று தொண்டையில் இறங்க வேண்டும். ரசம் கூடாது, காக்கிச் சட்டையில் ஒழுகும். முருங்கைக்காய் கூடாது, மென்று துப்ப நேரம் கிடையாது. மீன் என்ற பேச்சே இல்லை. ஆக, எலுமிச்சம்பழச் சோறு, அரிசி உப்புமா, தக்காளிச் சோறு, மறுபடியும் எலுமிச்சம்பழம்.

தெருவே அவளைப் பார்த்து வாயைப் பிளந்தது. அடுத்த வீட்டுப் பூங்காவனம் வெட்கத்தை விட்டுக் கேட்டும் விட்டாள். காலையிலேயே வெங்காயம் அரிந்து வைப்பது, தாளிப்புச் சாமான்களை ஒரே டப்பாவில் போடுவது எல்லாம் கலியம்மாள் சொல்லிக்கொடுத்தாள். பூங்காவனத்துக்குத் தினமும் ஒரு மணி நேரம் மிச்சமானது. மிச்சமான நேரத்தில் அவளும் அவள் புருஷனும் வாசலில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். காலி தூக்குவாளியோடு திரும்பும் கலியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே பூட்டைத் திறப்பாள். அவளுடைய கைப்பக்குவத்தால் பலனடையாதவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான்.

கல்யாணமான மறுவாரம் திருமழபாடியில், மாமியார் வீட்டில், கொள்ளிடத்துக் கெண்டைக் குழம்பு. எல்லோரும் கை கழுவிப் போனபிறகும் செல்லக்கண்ணு எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டோரம் வரிசை வைத்தபடி, ஒரு முள்ளுக்கு ஒரு கதை சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த கலியம்மாளுக்குச் சோற்றுக்கை காய்ந்து போயிற்று. தினமும் இப்படித்தான் இருக்கும்போல என்று அன்றைக்கு அவள் நம்பினாள். சின்ன வயசு, என்ன செய்வது.

வாரத்தில் ஒருநாள் லீவு உண்டே என்று கேட்கலாம். உண்டு. வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கவிச்சி ஏறாது. சாம்பாரும் பொரியலும் ஒரு மனுஷனை எவ்வளவு நேரம் உட்கார வைக்கும்? எட்டு மணிக்குக் குறட்டை கேட்கும். கிழமையை மாற்றித் தரச் சொல்லி பஸ் முதலாளியிடம் செல்லக்கண்ணு கேட்டுப் பார்த்தார். அன்றைக்குத்தான் பஸ்ஸில் கூட்டம் குறைவு, பேசாமல் போ என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஒரு புதன்கிழமை பகலில், அரியலூருக்குள் வரும்போதே பஸ்ஸின் ஆக்சில் ஒடிந்தது. சாமான் திருச்சியிலிருந்து வர வேண்டும், விடிந்துதான் வண்டி கிளம்பும் என்று தாலுகா ஆபீஸுக்கு ஆள் வந்து சொன்னான். ஊர் ஜனம் முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கலியம்மாள் தலைவலி என்று ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கினாள். அவ்வளவு சிரித்த முகத்தோடு தலைவலி வந்ததை ஹெட்கிளார்க் அதுவரை பார்த்ததில்லை.

கடைத்தெருவில் மீன்காரி குஞ்சம்மாளின் கூடையில் அடிமட்டத்துப் பொடிக் கெண்டைதான் கிடந்தது.

"எல்லாம் முள்ளா இருக்கும் புள்ள. காலையில வந்திருந்தா நல்லதாக் குடுத்திருப்பேன்."

"இருக்கட்டும்க்கா. முள்ளுக்குத்தான் வாங்கறேன்."

பம்ப் ஸ்டவ்வை அன்றைக்கு அவள் தொடவில்லை. விறகடுப்பு, மண்சட்டி, அம்மியில் அரைத்த மசாலா. ஏழு மணிக்குச் செல்லக்கண்ணு குளித்துவிட்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். கலியம்மாள் தனக்கும் ஒரு தட்டை எதிரே போட்டுக்கொண்டாள்.

பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. மனுஷன் குனிந்தார், எலுமிச்சம்பழச் சோற்றை அள்ளுகிற மாதிரியே மீனையும் அள்ளி அள்ளிப் போட்டார். அவள் இரண்டாவது கவளத்தை எடுப்பதற்குள் அவர் தட்டு பாதி காலி. கண் சுவரில் கடிகாரத்தைத் தேடியது. கலியம்மாளுக்குத் தொண்டை அடைத்தது.

அடைத்தது அவருக்கும்தான். முள்.

இருமினார், கண் கலங்கினார். அவள் வெறுஞ்சோற்றை உருட்டிக் கொடுத்தாள். விழுங்கினார். போச்சா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். இரண்டாவது உருண்டைக்குப் பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். சட்டியிலிருந்து இன்னொரு கெண்டையையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். தொண்டையில் முள் இருக்கிறவன் செய்கிற காரியமா இது? கலியம்மாள் கவனித்தாள்.

"போயிடுச்சாங்க?"

அவர் ஒரு முள்ளை மெதுவாக உருவித் தட்டோரம் வைத்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் இருக்கு புள்ள. நீ உருட்டு."

உருட்டினாள். பாதிச் சட்டி காலியாகிறவரை முள் போகவேயில்லை. தட்டைச் சுற்றி வரிசை முக்கால் வட்டம் வந்தது. பெரம்பலூரில் டிக்கெட் எடுக்காமல் ஆட்டுக்குட்டியை முந்தானைக்குள் மறைத்து வந்த கிழவியின் கதையை அவர் ஆரம்பித்தபோது, கலியம்மாளுக்குச் சோற்றுக்கை காய்ந்திருந்தது.

மறுநாள் ஏழேகாலுக்குப் பஸ் வந்தது. எலுமிச்சம்பழச் சோறு. ஆறாவது நிமிஷம் கை கழுவிப் படியில் ஏறிய செல்லக்கண்ணு, வாயில் வைத்த விசிலை வெளியே எடுத்துவிட்டுத் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

"இன்னும் இருக்கு புள்ள" என்றார்.

பிறகு விசில் ஊதினார்.