குசும் டீச்சர் கேட்ட சொல்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண் வரவில்லை. இந்த ஊரில் அவர்களைப் 'பாயி' என்றுதான் கூப்பிடுவோம். என் மனைவி வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. "சார், பாயி போயிட்டாவ" என்றது ஒரு பெண் குரல். ஆள் வைத்துக் கொடுத்த மேல்மாடிப் பெண்தான் பேசுகிறாள் என்று நினைத்தேன். "போனாப் போறா. வேற ஆள் பாத்துக்கலாம்" என்றேன்.

"சார், நான் செல்வி. தாராவி ஸ்கூல் செல்வி. நம்ம குசும் டீச்சர் தவறிட்டாவ சார்" என்றாள்.

பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றாள் அவளும். ஆனால் அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் நான் சொன்ன வாக்கியம் திரும்ப வருகிறது, எழுந்து நடக்கிறேன். நம் தாராவித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்குமாக இதை எழுதத் தொடங்கிய பிறகும் பலமுறை எழுந்துவிட்டேன். 'பாயி' என்ற அந்தச் சொல் குசும் டீச்சருக்கு என்னவாக இருந்தது என்று தெரிந்தவன் நான். அதனால்தான் இந்தத் தவிப்பு.

நம் ஆசிரியர் அறை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே நீள மேசை. ஜன்னல் பக்கம் தமிழ்த் துறை, மின்விசிறிக்குக் கீழே கணக்கும் அறிவியலும், சுவரோரம் வரலாறு. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மிஞ்சிய மூலை மராட்டித் துறை. அந்தத் துறையில் ஒரே ஆள் குசும் டீச்சர். "துறைத் தலைவர்கள் மட்டும் வரவும்" என்று தலைமையாசிரியர் சொல்லி அனுப்பினால் அவர் போவார். "மற்றவர்கள் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளவும்" என்றால் அதுவும் அவர்தான். "என் துறையில மட்டும்தான் சார் சண்டையே கிடையாது" என்பார்.

சாத்தாரா பக்கத்து மராட்டிக்காரர். தமிழை நம் பிள்ளைகளிடமே கற்றார். அதனால் திருநெல்வேலித் தமிழ்தான் வந்தது. பையன்கள் ஒருவரையொருவர் 'வால', 'போல' என்பதைக் கேட்டு, 'டா' போன்ற அந்த 'ல' ஏதோ அன்பான சேர்க்கை என்று எண்ணிக்கொண்டார். ஒருமுறை ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரியிடம், "உக்காருங்கல சார், டீ குடிங்கல" என்று உபசரித்தார். அதிகாரி தமிழர். தமிழ்த் துறை முழுவதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. பிள்ளைகள் அவருக்குக் 'குசும்பு டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

வந்த புதிதில் ஒன்பதாம் வகுப்பில் அவர் ஒன்று கேட்டார்: "என்னை டீச்சர்னு கூப்பிடாதீங்க. பாயின்னு கூப்பிடுங்க." மராட்டிப் பள்ளிகளில் பெண் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் ஊரில் பஞ்சாயத்துத் தலைவரே எழுந்து நின்று சொல்லும் சொல் அது. நம் வகுப்போ சிரித்தது. செல்வி எழுந்தாள். "செம்பூர்ல வேலை பாக்குத வீட்டுல எங்கம்மாவத்தான் பாயிம்பாவ. நீங்க ஏன் டீச்சர் அந்தப் பேரக் கேக்கீய?"

அன்று அவர் டீ குடிக்கவில்லை. பானைக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தார். கணக்கு வாத்தியாரான எனக்குத் தெரிந்த வழியில் ஆறுதல் சொன்னேன். "கணக்குல எக்ஸ் இருக்கில்லையா? ஒரு கணக்குல அதுக்கு மதிப்பு மூணு, இன்னொண்ணுல முந்நூறு. சொல்லும் அப்படித்தான்."

அவர் நின்றார். "உங்க எக்ஸுக்கு மானம் கிடையாது சார். எனக்கு இருக்கு. அந்தப் பிள்ளையோட அம்மாவுக்கும் இருக்கு."

என் உதாரணங்களை அத்தனை சுருக்கமாக யாரும் திருத்தியதில்லை.

அந்தப் பருவத்துப் பெற்றோர் கூட்டத்துக்குச் செல்வியின் அம்மா பொன்னுத்தாய் வேலை செய்யும் வீட்டிலிருந்து நேராக வந்தார். முந்தானை ஈரமாக இருந்தது. வாசலைத் தாண்டி வராமல் நின்றார். குசும் டீச்சர் எழுந்து போய், தன் நாற்காலியைத் தானே தூக்கிவந்து போட்டு, மராட்டியில், "பாயி, பசா" என்றார். பசா என்றால் உட்காருங்கள்.

பொன்னுத்தாய் நாற்காலியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். உட்கார்ந்தார். "பாயி வா, பாயி தேயி, பாயி நாளைக்கு வெள்ளென வந்துருன்னுதான் டீச்சர் கேட்டிருக்கேன்" என்றார். "பாயி உக்காருன்னு இன்னைக்குத்தான் கேக்கேன்."

செல்வி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அதன்பிறகும் பிள்ளைகள் 'டீச்சர்' என்றே கூப்பிட்டார்கள். அவரும் மறுபடி கேட்கவில்லை. தமிழ் வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்து, ஜன்னல் பக்கம் காலியானபோது, "இங்க வாங்க, வெளிச்சமா இருக்கும்" என்று நான் சொன்னேன். பானை மூலையை விட்டு அவர் நகரவில்லை. ஓய்வுபெறும் நாளில் மட்டும் என்னிடம், "ஒரு தடவை யாராவது கூப்பிட்டிருக்கலாம், இல்ல சார்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

செல்வி இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இருக்கிறாள். நாள் முழுக்க மராட்டியில் எழுதுகிறாள். இரண்டாம் முறை நானே போன் செய்து கேட்டேன்: "எப்பலேர்ந்து பாயிங்கறே?"

"அம்மா செத்ததுக்கப்புறம் மனசுக்குள்ள அப்படித்தான் சார். வெளிய சொல்ல வாய் வரல. போன மாசம் வடாலாவுல டீச்சர் வீட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னு 'பாயி'ன்னு கூப்பிட்டேன். உள்ள டீவி சத்தம். திரும்பிப் பாத்து, பசா பசான்னு நாற்காலியக் காட்டுனாவ."

"காதுல விழுந்துதா?"

"தெரியல சார். யாரு வந்தாலும் அவங்க பசான்னுதான சொல்லுவாவ."

விழுந்திருக்கும் என்று காலையில் தோன்றுகிறது, சாயங்காலம் தோன்றவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இரண்டு சொற்கள். முதல் சொல்லை இந்த ஊரில் எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். இரண்டாவதை நான் சொன்னதே இல்லை. நேற்றுக் காலை எங்கள் வீட்டுப் பாயி மங்கல் வேலைக்குத் திரும்பி வந்ததும், நாற்காலியை இழுத்துப் போட்டு, "பாயி, பசா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "க்யா ஹுவா சாப்? தபியத் டீக் ஹை?" என்று என் உடம்பை விசாரித்துவிட்டு, உட்காராமல் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார்.

நாற்காலியை நான் எடுக்கவில்லை. இன்று காலையும் சொன்னேன்.