சற்குணா டீச்சர் பாடாமல் விட்ட இடங்கள்

சற்குணா டீச்சர் காலமாகிவிட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "யார் சொன்னாங்க?" கூடப் பிறந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது! அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அக்காகூட பழகின எல்லாருக்கும் இந்த வியாதி ஒட்டிக்கிச்சுங்க" என்றார். வேங்கிக்கால் வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

உங்களில் பலர் பெண்கள் பள்ளியில் அவரிடம் பாட்டு கற்றவர்கள். மற்றவர்கள் கல்யாண வீடுகளில் "சற்குணா வசந்தா" என்று இரண்டு பெயரையும் ஒரே பெயராகச் சொல்லிக் கேட்டவர்கள். நான் அவர்களுக்கு மிருதங்கம் வாசித்தவன். காய்கறிக்காரரின் தராசு, ஆட்டோ மீட்டர், காலண்டரில் போட்ட நல்ல நேரம், எதையும் டீச்சர் நம்பியதில்லை. மேடையில் தன்னோடு சேர்ந்து பாடும் வசந்தாவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். இருவரும் ஜாடை காட்டிக்கொண்டதில்லை. வசந்தா மூச்சு இழுக்கும் சத்தத்தை வைத்துத்தான் டீச்சர் அடுத்த வரியில் சேர்ந்துகொள்வார்.

அந்த வசந்தா சில மாதம் ஏதேதோ சாக்குச் சொல்லிக் கச்சேரியைத் தட்டிக்கழித்தார். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கணவரோடு மலேசியாவுக்குப் போய்விட்டார். "கூட பாட புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறது தானே" என்று டீச்சர் பொருமாத நாள் இல்லை. ஓரிரு வருடம் கழித்து அங்கிருந்து போன் வந்தது. "அக்கா, நீ அங்க பாடு, நான் இங்க பாடறேன். கம்ப்யூட்டர்ல சேத்துடலாம்." டீச்சர் என்னிடம், "திடீர்னு இன்னாத்துக்கு இந்தப் பாசம்? ஏதோ இருக்குதுப்பா" என்றார். ஆனால் அந்த வாரமே மைக் வாங்க என்னை இழுத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

ஸ்டூடியோ சாமான்கள் நம் கைக்கு எட்டாதவை. பழைய கம்ப்யூட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. கம்மி விலையில் ஒரு சவுண்ட் கார்டு, வசந்தாவின் குரல் வெளியே கசியாதபடி காதை முழுக்க மூடும் ஹெட்போன், ஒரு மைக், இவ்வளவு போதும் என்று விசாரித்து வைத்திருந்தேன். கடைக்காரர் காட்டிய மைக்கில், ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, டீச்சர் முழுப் பல்லவியும் பாடினார். கடையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். கடைக்காரர் சீல் பிரிக்காத டப்பாவை எடுத்துக் கொடுத்ததும் வந்தது வினை.

"நான் பாடுனது எதுலயோ, அதக் குடுங்க."

"அது டெமோ பீஸ் மேடம். இதுவும் அதேதான்."

"அதேதான்னா, அதையே குடுக்க உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

கீறல் விழுந்த டெமோ மைக்கோடுதான் ஊர் திரும்பினோம்.

பாட்டைப் பதியும் மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. அதில் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியானது. "சும்மா குடுக்கறவன் நம்மகிட்டேருந்து எத எடுக்கறான்னு பாரு" என்று சொல்லி, பாட்டெல்லாம் பாடி முடிக்கும்வரை கம்ப்யூட்டருக்குப் போகும் டெலிபோன் ஒயரைப் பிடுங்கி வைக்கச் சொன்னார். எனக்கு எரிச்சல்தான். வைத்தேன்.

வசந்தா முதலில் பாடி அனுப்ப வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டே டீச்சர் பாட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒயரைப் பிடுங்கிவிட்டதால், செங்கம் ரோடு பிரவுசிங் சென்டரில் வசந்தாவின் பாட்டை இறக்கி, சிடியில் போட்டு எடுத்து வந்தேன். டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பாதியில் கழற்றிவிட்டார்.

"இது அவ இல்ல."

"அவங்கதான் டீச்சர்."

"மூச்சு எங்கய்யா? மனுஷி மூச்சே உடாம பாடுவாளா?"

நானும் கேட்டேன். வரிக்கும் வரிக்கும் நடுவே துடைத்துவிட்ட மாதிரி ஒன்றுமே இல்லை. உடனே ஸ்பீக்கரில் போன் போடச் சொன்னார். "யாரையாவது வெச்சிப் பாட வெச்சியாடி?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார். "இத்தன வருஷம் கூட பாடினவள இப்படிக் கேக்கறியேக்கா" என்று வசந்தா சீறினார். பிறகு சீற்றம் அழுகையாகிவிட்டது.

"எனக்கு மூச்சு வாங்குதுக்கா. இழுப்பு. அங்க இருக்கும்போதே ஆரம்பிச்சிடுச்சி. சொன்னா நீ வேற ஆளப் பாத்துப்பேன்னுதான் சொல்லாம வந்துட்டேன். இதுலயும் நீ கேட்டுடுவேன்னுதான் மூச்சையெல்லாம் அழிச்சேன்."

"அடிப் பைத்தியக்காரி" என்றார் டீச்சர். "ஊர்ல இருக்கற எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன், இத மட்டும் படல பாரு. ஒண்ணையும் அழிக்காத. மூச்சு எங்க நிக்குதோ அங்கயே நிறுத்திடு. மீதிய நான் பாடிக்கறேன்."

அதன்பின் அப்படித்தான் எல்லாப் பாட்டும். வசந்தாவின் குரல் வரியின் நடுவில் தடுமாறி நிற்கும், டீச்சர் அங்கே பிடித்துக்கொள்வார். நீங்கள் நாங்கள் போட்டுக் கொடுத்த சிடியைக் கேட்டுவிட்டு, புதுப் பாணியாக இருக்கிறதே என்று மெச்சினீர்கள். டீச்சர் யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

டீச்சரின் காரியம் முடிந்ததும் அவர் போய்விட்டதை வசந்தாவுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பொய் சொல்றீங்கண்ணா. அக்காவுக்கு எம்மேல ஏதோ கோவம், அதான் உங்கள விட்டு இப்படிச் சொல்ல வெக்கறா" என்றார். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. அக்காவின் குரல் மட்டும் இருக்கும் பதிவுகளை அனுப்பச் சொன்னார். ஒன்றையும் சுத்தம் செய்யாமல் அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டார்.

"ஒவ்வொரு வரியையும் முடிச்சிட்டு, எனக்கு மூச்சு வர்ற வரைக்கும் அக்கா நின்னுக்கிட்டு இருக்கா. ஒரு எடத்துல கூட முந்திக்கலண்ணா. இனிமே எனக்காக யாரு நிப்பா?"

டீச்சரின் தம்பி, நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார். எதுவும் வேண்டாம் என்றேன். அவர் பாடிய பாட்டு எல்லோரிடமும் இருக்கிறது. யாரையும் நம்பாத அந்த மனுஷி, வசந்தாவுக்காக வாய்மூடிக் காத்துநின்ற நேரம் முழுவதும் என் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது.