அந்த ஊரில் அப்படி யாரும் இல்லை

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. கடைக்காரர் சிரித்துப் பேசினால் என் கண் தராசுக்குப் போகும். முன்பின் தெரியாதவர் பஸ்ஸில் இடம் விட்டுக் கொடுத்தால், அந்தச் சீட்டில் என்ன கோளாறு என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். அப்படிப்பட்ட என்னையே ஓர் இடத்தில் மாதக்கணக்கில் சந்தேகப்பட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் எனக்கு அது புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை, எரிச்சல்தான் வந்தது.

கள்ளக்குறிச்சியில் டிகிரி முடித்த கையோடு, சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை எடை போட்டுச் சீட்டு ஒட்டி அனுப்பும் வேலைக்கு ஓர் ஒப்பந்தக் கம்பெனி என்னை எடுத்தது. உள்ளே போய்வர என்ட்ரி பாஸ் வேண்டும். அதற்கு முன்னால் போலீஸ் விசாரணை. சொந்த ஊருக்குப் போலீஸ்காரர் போய், இந்த ஆள் இங்கேதான் வளர்ந்ததா, ஏதாவது வழக்கு உண்டா, நடத்தை எப்படி என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். அது வந்து சேரும்வரை தற்காலிகப் பாஸ்.

தற்காலிகப் பாஸ் வைத்திருப்பவர் உள்ளே தனியாக நடமாடக் கூடாது. நிரந்தரப் பாஸ் உள்ள ஒருவர் கூடவே வர வேண்டும். எனக்கு வாய்த்தது ஒரு சீனியர் அக்கா. நான் கழிவறைக்குப் போனால் அவரும் வந்து வாசலில் நிற்பார். இன்னும் உன் வெரிஃபிகேஷன் வரலையா என்று தினமும் கேட்பார். அவருக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன்.

என் பெயரில் எந்த வழக்கும் கிடையாது. அப்பா பெயரில் ஒன்று இருந்தது. நான் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் ஒரு மேஸ்திரி மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து ஆள் திரட்டினார். வெளிமாநிலத்தில் மரம் வெட்டும் வேலை, நல்ல கூலி என்றார். அப்பாவும் போனார். எந்த மரம், யாருடைய காடு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. திரும்பி வந்து சில மாதம் கழித்துப் போலீஸ் வந்து அவரை அழைத்துப் போனது. கேஸ் தள்ளுபடியாகி வீடு வந்து சேர்வதற்குள் அவர் உடம்பு கெட்டுப்போய்விட்டது. நான் கல்லூரியில் சேரும்போது அவர் இல்லை.

கம்பெனி கொடுத்த படிவத்தில் அப்பாவின் பெயரை மட்டும்தான் கேட்டிருந்தார்கள். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்காத மாதிரி விட்டுவிட்டுப் பின்னால் தோண்டுவார்கள் என்று நினைத்தேன். அதனால், ஆட்களைச் சேர்க்கும் அதிகாரி ஒருநாள் தன் அறைக்குக் கூப்பிட்டபோது அப்பாவைப் பற்றித்தான் பேச்சு வரும் என்று பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன்.

"நீங்க கொடுத்த அட்ரஸ்ல அப்படி ஒரு ஆளே இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் பெயரை என்னிடமே இன்னொரு முறை கேட்டார். இரண்டாவது விசாரணைக்கு எழுதியிருக்கிறார்களாம். அதிலும் இப்படியே வந்தால் பாஸ் கிடையாது, வேலையும் கிடையாது. பொய்யான முகவரி கொடுத்த ஆள் என்று பதிவாகிவிட்டால் வேறு எந்த விமான நிலையத்திலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். தற்காலிகப் பாஸை அங்கேயே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். சீனியர் அக்கா, எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னார். அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதியும் தெரிந்த மாதிரி எனக்குப் பட்டது.

கள்ளக்குறிச்சியில் இறங்கி வெள்ளிமலை பஸ் பிடிப்பதற்குள் யார் வேலை இது என்று முடிவு கட்டிவிட்டேன். எங்கள் சித்தப்பாதான். அவர் நிலத்துக்கும் எங்கள் நிலத்துக்கும் நடுவில் ஒரு புளியமரம் நிற்கிறது. அது யாருக்கு என்பதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது. அப்பாவைப் போலீஸுக்குக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. நான் சென்னைக்குப் போனது அவருக்கு வயிற்றெரிச்சல் என்பது ஊருக்கே தெரியும். பஸ் மலைமேல் வளைந்து வளைந்து ஏற, அவரைக் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரி வாந்தி எடுத்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

கரியாலூர் ரோட்டில் இறங்கி, எங்கள் வீட்டுக்குப் போகாமல் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் மரவள்ளிக் கிழங்கில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அடுக்கி வைத்திருந்த கேள்விகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்தன. அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"நான் இன்னா பொய் சொன்னேன்?" என்றார். "எங்க அண்ணன் பொண்ணுதான், இந்த வூடுதான், மெட்ராஸுல வேலைல இருக்குதுன்னு உள்ளத உள்ளபடி சொன்னேன். போய் அவங்களையே கேளு."

புளுகுவதற்கும் ஒரு அளவு வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை, லீவில் வந்திருக்கிறேன் என்றேன். மறுநாள் காலை ஜீப் பிடித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

என் விசாரணைக்குப் போய்வந்த ஏட்டு ஓய்வு பெறும் வயதுக்காரர். மழையில் மலையேறி வண்டி பஞ்சராகி, இரண்டு பேர் உதவியோடு தள்ளிக்கொண்டு வந்த கடுப்பு அவருக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு அவர்மேலும் சந்தேகம். மலை ஏறாமலேயே மேசையில் உட்கார்ந்து எழுதிவிட்டுக் கதை விடுகிறார் என்று நினைத்து, அப்படியே கேட்டும்விட்டேன். அவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு எங்கள் வீட்டை வர்ணித்தார். நீலக் கதவு, பாதி சரிந்த ஆட்டுப்பட்டி, கூரைமேல் பூசணிக்கொடி. ஆள் நிஜமாகவே போய்வந்திருக்கிறார்.

அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்குக் காது சூடாகிவிட்டது. டீக்கடைக்காரரிடம் என் போட்டோவைக் காட்டியிருக்கிறார். நான் மாமா என்று கூப்பிடுகிறவர் அவர். போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது சினிமா நடிகையா என்று கேட்டாராம். ரேஷன் கடை வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் அப்படி யாரும் இல்லீங்க என்று ஒரே குரலில் சொன்னார்களாம். எங்கள் எதிர்வீட்டுக்காரி, என்னைத் தூக்கி வளர்த்தவள், எங்கள் வீடு பூட்டிக் கிடந்து பல வருஷம் ஆகிறது என்றாளாம். அவள் அதைச் சொல்லும்போது எங்கள் வீட்டு அடுப்பில் புகை வந்துகொண்டிருந்ததாம்.

"ஒரே ஒருத்தர்தான் ஒழுங்கா பதில் சொன்னார்," என்றார் ஏட்டு. "உன் சித்தப்பாவாம். போட்டோவைப் பார்த்ததும், இதேதான் சார், எப்ப வந்து புடிச்சிக்கினு போவீங்கன்னு கேட்டார்."

சித்தப்பா பொய் சொல்லவில்லை. என்னைப் பிடித்துப் போக வந்திருக்கிறார்கள் என்று நம்பி, மனசார உண்மையைச் சொல்லியிருக்கிறார். என்மேல் பாசம் உள்ளவர்கள் எல்லாம் சேர்ந்து என்னை இல்லாமல் ஆக்கியிருக்க, ஆகாதவர் ஒருவர்தான் நான் இருக்கிறேன் என்று சாட்சி சொல்லியிருக்கிறார். அந்த ஒருவர் மட்டும் வேறு மாதிரி சொன்னதால்தான் இரண்டாவது விசாரணைக்கே வழி பிறந்ததாம். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை.

ஊர்க்காரர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியாள் ஒருவர் வண்டியில் வந்து பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் பக்கம் ஒரே பதில்தான். சாராய ரெய்டு, காட்டிலாகா, மரம் வெட்டுக் கேஸ் என்று வந்தவர்கள் எல்லோரும் முதலில் பெயரைத்தான் கேட்டார்கள். சின்ன வயதில் நானே எத்தனையோ பேரை இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அந்த டீக்கடையில் நான் இருந்து, வேறு ஒரு பெண்ணைப் பற்றி என்னிடம் கேட்டிருந்தால், நானும் சினிமா நடிகையா என்றுதான் கேட்டிருப்பேன்.

வேண்டுமானால் டீக்கடை மாமாவை அழைத்து வருகிறேன் என்றேன். அது போதாது என்று ஏட்டு தலையை ஆட்டினார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார்.

"உங்கம்மா வரணும். எனக்குப் புள்ளையே பொறக்கலைன்னு சொல்லிட்டாங்க. பெத்தவங்களே இல்லைன்னு சொன்ன பிறகு மத்தவங்க சொல்லி நான் என்னத்த எழுத?"

மறுநாளே அறிக்கை போயாக வேண்டும் என்றும் சொன்னார். ஜீப்பில் திரும்பும்போது எனக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. ஊர் சொன்னது ஒரு பக்கம். அம்மா சொன்னது நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது.

அம்மா புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் வந்தாரா என்று கேட்டேன். யாரோ ஒருத்தன் வந்தான் என்றாள். என்ன சொன்னாய் என்றேன். வாசலுக்கு வந்த பாத்திரக்காரனைப் பற்றிச் சொல்வது போல, பொண்ணு இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன் என்றாள்.

கத்தினேன். வேலை போனதை, பாஸைக் கழற்றி வைத்ததை, இனி எந்த ஊர் விமான நிலையத்துக்குள்ளும் நான் கால் வைக்க முடியாமல் போகப் போவதை எல்லாம் சொல்லிக் கத்தினேன். நான் ஓய்ந்த பிறகு அம்மா புளியை முறத்தில் தள்ளிவிட்டுப் பேசினாள்.

"உங்கப்பன இட்டுகினு போக வந்தப்பவும் இப்பிடித்தான் தன்மையா வந்தாங்க. ஒரு கையெழுத்து போடணும், அவ்ளோதான்னாங்க. ஆமாங்க, எங்க வூட்டுக்காரர்தான், கொல்லையில உழுதுகினு இருக்கார்னு நாந்தான் சொன்னேன். நாந்தான் போய் இட்டாந்து வுட்டேன்."

இத்தனை வருஷமாகச் சித்தப்பாதான் காட்டிக் கொடுத்தார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா அதை மறுத்ததே இல்லை. அந்தப் பேச்சுக்குப் பின்னால் அவள் ஒளிந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவளும் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அவள் மறுபடியும் புளியை எடுத்துக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்கு வர அவளைச் சம்மதிக்க வைப்பது லேசாக இருக்கவில்லை. வேலை கொடுக்கிறவன் எதற்குப் போலீஸை அனுப்புகிறான் என்று கேட்டாள். விமானத்தில் போகிறவர்கள் பத்திரமாகப் போக வேண்டும், அதனால் அங்கே யார் வேலைக்கு வந்தாலும் சந்தேகப்பட்டுத்தான் சேர்ப்பார்கள் என்றேன். அப்ப அது நல்ல எடம் இல்ல என்றாள். கம்பெனி அதிகாரிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவர் பேசியதை எல்லாம் கேட்டுவிட்டு, யார் வேணா இப்பிடிப் பேசலாம் என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். என் சந்தேகப் புத்தி எங்கிருந்து வந்தது என்று நான் வேறெங்கும் விசாரிக்க வேண்டியதில்லை.

காலையில் அவளே புறப்பட்டு நின்றாள். கையில் ஒரு கட்டைப் பை. ஜீப்பில் அதைத் திறந்து பார்த்தேன். அவளுடைய புடவை இரண்டு, என் சுடிதார் ஒன்று, பல்பொடி, ஒரு துண்டு. எதற்கு என்று கேட்டேன். உள்ள வெச்சிட்டாங்கன்னா மாத்துத்துணி வாணாமா என்றாள். ஜீப்பில் இருந்தவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று பையை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் ஏட்டு அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அவர் பேனாவைத் திறந்து, என்னைக் காட்டி, இது யாரும்மா என்று கேட்டார்.

அம்மா அவரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, மெதுவாக என்னிடம் கேட்டாள்.

"சொல்லட்டா?"

எனக்கே ஒரு கணம் பயம் வந்துவிட்டது. ஏட்டின் கேள்விக்குப் பின்னால் நமக்குத் தெரியாத வேறு ஏதாவது இருந்தால் என்ன செய்வது? ஏட்டு பேனாவோடு காத்துக்கொண்டிருந்தார். சொல்லும்மா என்றேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து என்னைத் தனக்குப் பின்னால் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

"எம் பொண்ணுதாங்க," என்றாள். "நாந்தான் இல்லன்னு பொய் சொன்னேன். புடிச்சிக்கினு போறதுன்னா என்னைப் புடிச்சிக்கினு போங்க."