செஞ்சியில் ஈரம் காயாத அடுப்பு

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு ராணிப்பேட்டையிலிருந்து மினி லாரியில் கிளம்பினோம். பின்னால் நாற்பது மூட்டை, முன்னால் ஓட்டுநரும் நானும். ஆரணி, சேத்துப்பட்டு வழியாகச் செஞ்சி எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூட்டைகளில் இருந்தது எங்கள் ஆய்வகத்தில் நான் இரண்டு வருடம் மல்லுக்கட்டி உருவாக்கிய, கடும் நெருப்பைத் தாங்கும் அலுமினா கலவை. செஞ்சி சுடுகாட்டில் சிலிண்டர் காஸில் எரியும் தகன மேடை ஒன்று இருக்கிறது. அதன் பழைய உள்சுவர் வெடித்துப்போனதால், என் கலவையால் புதுச் சுவர் வார்க்கப் போகிறோம்.

பெண்ணாயிற்றே, நானும் சுடுகாட்டுக்குள்ளே வருவேனா என்று ஓட்டுநர் தயங்கித் தயங்கிக் கேட்டார். வராமல் மூட்டையை மட்டும் அனுப்பி என்ன பிரயோசனம் என்றேன்.

வளத்தியை நெருங்கும்போது வண்டி நின்றது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் சிறப்புப் பேருந்துகள், வேன்கள், தலையில் மூட்டையோடு நடந்து போகிறவர்கள். என் கலவை எத்தனை டிகிரி தாங்கும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்று அமாவாசை என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. மதியம் போய்ச் சேர வேண்டியவர்கள் செஞ்சிக்குள் நுழையும்போது கோட்டை மலையின் பாறைகளில் மாலை வெயில் ஏறியிருந்தது. இருட்டில் வார்ப்பு வேலை ஆகாது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் அறை எடுத்தேன், எழுநூறு ரூபாய்.

வெள்ளி காலை வேலை ஆரம்பித்தது. அடுப்பை இயக்குபவர் அந்தோணி. அவர்கள் ஊரில் எல்லோரும் வேதக்காரர்கள், குழியில்தான் புதைப்பார்கள். ஊரையே எரிக்கிற வேலை தனக்கு வாய்த்திருக்கிறது, தனக்கு மட்டும் இந்த அடுப்பு உதவாது என்று சிரித்தார். கலவையில் அளந்து தண்ணீர் ஊற்றி, குழைத்து, தகர அச்சுக்குள் கொட்டி, அதிர்வு கொடுத்து இறுக்கினோம். பதினொரு மணிக்கு வார்த்து முடித்தோம்.

அப்போதுதான் தனபால் நயினார் வந்தார். மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்யும் சமணக் குடும்பம், வயது அறுபதுக்கு மேல். ஒரு பிடி வெள்ளைத் தூளைக் கையில் வாங்கி, இது என்னவென்று கேட்டார். செம்மண் போன்ற ஒரு தாதுவிலிருந்து எடுப்பது, உருக்கி உடைத்தால் இதே பொருள்தான் உப்புத்தாளிலும் சாணைச் சக்கரத்திலும் ஒட்டியிருக்கிறது என்றேன்.

"தேய்க்கறதும் இதான், நெருப்புல நிக்கறதும் இதானா?" என்று வியந்தவர், உடனே கேட்டார். "எப்பம்மா ரெடியாவும்?"

திங்கட்கிழமை என்றேன். அவர் முகம் வாடியது. வீட்டம்மா முடியாமல் கிடக்கிறாராம், டாக்டர் கையை விரித்துவிட்டாராம்.

"கட்டைல எறும்பு இருக்கும், கரையான் இருக்கும். ஒரு ஆளு போறதுக்கு அத்தனை உயிரு எதுக்குன்னு அது சொல்லிக்கினே இருக்குது. காஸ்லதான் வைக்கணும்னு என்கிட்ட வாக்கு வாங்கிக்கிச்சு. அவசரமில்லம்மா. அவசரமே வேணாம். ஆனா ரெடியா இருந்தா நல்லது."

தன் மனைவிக்கான அடுப்பைச் சீக்கிரம் முடி என்று எந்த மனுஷனால் வாய்விட்டுச் சொல்ல முடியும்?

ஏன் திங்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வார்த்த சுவர் ஒரு நாள் இறுக வேண்டும். அப்புறம் சின்னத் தீ வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நாற்பது மணி நேரம் காய விட வேண்டும். என் கலவை நெருக்கமானது, அதுதான் அதன் பெருமை. அதனால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் லேசில் வெளியே வராது. அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் நீராவி சுவரைப் பிளந்துகொண்டு வெடிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் இழைகளைக் கலந்தால் அவை உருகி, ஆவி போக வழி விடும். வலிமை கொஞ்சம் குறையும் என்று அதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தோம். எங்களிடம் வழக்கமாக வாங்கும் எஃகு ஆலைக்காரர்கள் நாள் கணக்கில் காத்திருப்பார்கள். செஞ்சியில் ஒருவர் காத்திருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

சனி காலை அச்சைப் பிரித்து, பர்னரில் சின்னத் தீ வைத்தோம். அந்தோணியும் நானும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம்.

ஞாயிறு காலை ஒன்பது மணி இருக்கும். நயினார் செருப்பில்லாமல் வந்து நின்றார். விடியற்காலையில் அந்த அம்மா போய்விட்டார்.

"இன்னிக்கு ஆவுமாம்மா?"

திங்கள் விடியும்வரை ஆகாது என்றேன். ஒரு ராத்திரி ஐஸ் பெட்டியில் வைத்திருக்க முடியாதா என்று அந்தோணி கேட்டார். நயினார் முடியாது என்று தலையாட்டினார்.

"வச்சிருந்தா உடம்புல சின்னச் சின்ன உயிருங்க உண்டாவும். எங்காளுங்க வைக்க மாட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும்."

அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். "தீய ஏத்துனா வெடிக்குமா?"

"வெடிக்கலாம் ஐயா. பக்கத்துல நிக்கறவங்களுக்கும் ஆபத்து."

"அப்ப வேணாம்மா," என்றார்.

வியாழன் சாயங்காலமே வார்த்திருந்தால் அந்த நேரத்துக்கு அடுப்பு தயாராகியிருக்கும். அமாவாசையைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், தள்ளிவைத்த இழையை நினைத்து நினைத்து நொந்தேன்.

மதியம் சவுக்குக் கட்டை வந்து இறங்கியது. அவர்கள் வீட்டு ஆண்கள் ஒவ்வொரு கட்டையையும் தரையில் மெதுவாகத் தட்டி, பூந்துடைப்பத்தால் நீவி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து அடுக்கினார்கள். நானும் ஒரு கட்டையை எடுத்துத் தட்டினேன். யாரும் தடுக்கவில்லை. ஒரு கட்டையின் பட்டை உரிந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாய்க் கரையான் ஊர்ந்தது. நயினார் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் வேலியோர வேப்பமர நிழலில் வைத்துவிட்டு வந்தார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது.

திங்கள் காலை சுவரை உலர்த்தி முடித்து, முழுத் தீயில் வெறும் அடுப்பைச் சோதித்தோம். மதியம் ஆறவிட்டுப் பார்த்தபோது ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு வருடமாக நான் கனவு கண்ட சுவர். ஆய்வகத்தில் என்றால் எல்லோருக்கும் லட்டு வாங்கியிருப்பேன். இங்கே டீக்கடையில் அந்தோணிக்கும் எனக்கும் இரண்டு டீ சொன்னேன், முப்பது ரூபாய். குடிக்கப் பிடிக்கவில்லை.

கிளம்பும் நேரத்தில் நயினார் வந்தார். அஸ்தி எடுக்க வந்தவர் அடுப்புப் பக்கமும் வந்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையமர்த்திவிட்டு, அடுப்பின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"எத்தினி வருசம் தாங்கும்மா?"

"அஞ்சு வருஷம் ஐயா."

"அது போதும் என் காலத்துக்கு," என்று சொல்லிவிட்டு, அஸ்திக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மூட்டையை இறக்கியதும் லாரி திரும்பிவிட்டதால் நான் பேருந்தில்தான் வந்தேன். சேத்துப்பட்டுப் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அமாவாசைக் கூட்டமெல்லாம் வடிந்து, சாலை காலியாகக் கிடந்தது. அரை மணி நேரத்தில் வளத்தியைத் தாண்டிவிட்டோம். ஐந்து என்பது சரியான கணக்குதான். பத்து என்று சொல்லியிருக்கலாம்.