ஹாலிஸ் தூக்கி எறிந்த தக்கைகள்

ஹாலிஸ் டிட்வெல் மாதிரி ஒரு அரைகுறை மேதாவியை மிசிசிப்பி முழுக்கத் தேடினாலும் காண முடியாது. சாலை போடும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். ஏரிக்கரையில் நான் வைத்திருக்கும் தூண்டில் கடைக்கு இருபது வருஷமாக வருகிறான். என்னிடம் தூண்டிலுக்கு மிதவையாகக் கட்டும் தக்கை வாங்குவான், எனக்கு உபதேசம் கொடுப்பான்.

தக்கை வாங்குவதற்கு அவன் பண்ணுகிற அலட்டல் பெண் பார்க்கப் போகிறவன்கூடப் பண்ண மாட்டான். கையில் உருட்டுவான், காதருகே ஆட்டுவான், இரை மீன்குஞ்சுகள் நீந்தும் என் தொட்டியில் மிதக்க விட்டு இடுப்பில் கை வைத்து நிற்பான்.

"நிமிந்து நிக்குது பாரு, ராய்ஸ். இதுதான் தக்கை. இதெல்லாம் உனக்கெங்க தெரியப்போகுது!"

அடுத்த வாரமே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான். "தண்ணியில படுத்துடுச்சுடா. குப்பை. வேற குடு."

இங்கேதான் அவனுடைய மேதாவித்தனம் இருக்கிறது. க்ராப்பி மீனுக்குப் பார்வை எப்போதும் மேலே. அடியிலிருந்து வந்து இரையைக் கவ்வி, அப்படியே மேலே எழும்பும். தூண்டில் நரம்பு தொய்யும். கீழே இழுக்கிற இரையும் ஈயக்குண்டும் கனம் இழந்ததும் ஒல்லித் தக்கை பக்கவாட்டில் சாயும். தக்கை படுத்தால் மீன் கவ்விவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஏரியில் மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

ஹாலிஸுக்குத் தெரியாது. தக்கை முழுகினால்தான் மீன் என்று அவன் மண்டையில் ஏறிவிட்டது. படுத்தால், ஈயக்குண்டு கழன்றுவிட்டது என்று நினைத்து நரம்பை மெதுவாகச் சுற்றி எடுப்பான். மீன் அதற்குள் துப்பிவிட்டுப் போயிருக்கும். பார்த்தால் ஈயம் அப்படியே இருக்கும். அப்படியானால் தக்கைதான் மோசம்! கழற்றிப் படகின் மூலையில் வீசுவான். இப்படி நல்ல தக்கையை எல்லாம் கழித்துக் கட்டி, கடைசியில் எலுமிச்சம்பழம் அளவு குண்டுத் தக்கைகளைப் பொக்கிஷமாகச் சேர்த்து வைத்திருந்தான். மாடு முட்டினாலும் அதெல்லாம் சாயாது.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவனிடம் யார் பேசுவது? அவனோடு படகில் போகிற டெல்மர் ஒருமுறை வாயைத் திறந்து அரை மணி நேரம் பாட்டு வாங்கினான். தவிர, எனக்கு வியாபாரம். அவன் வாசலைத் தாண்டியதும், கடையில் இருக்கிறவர்களுக்கு அவனைப் போல இடுப்பில் கை வைத்து நடித்துக் காட்டுவேன். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அவனுக்கு ஒரே ஆசை, என் கடைச் சுவர். மூன்று பவுண்டுக்குக் குறையாத க்ராப்பி பிடித்தவர்களின் படம் மட்டும்தான் அதில் தொங்கும். கடைக்கு வரும்போதெல்லாம் அதை ஒருமுறை பார்க்காமல் போக மாட்டான்.

போன ஏப்ரலில் ஏரியில் ஜோடி ஜோடியாக மீன் பிடிக்கும் போட்டி. டெல்மருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. ஜோடி இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். முப்பது வருஷமாகத் தான் மீன் பிடிக்க அழைத்துப் போகாத மனைவி வெர்னாவை வேறு வழியில்லாமல் கூட்டி வந்தான். பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள். கையில் ஒரு காப்பி டப்பா கொண்டு வந்தாள். அது நிறைய ஒல்லித் தக்கைகள். போட்டியைக் கண்காணிக்க நான் பக்கத்துப் படகில் இருந்தேன்.

"அந்தக் குப்பைய எதுக்குத் தூக்கிட்டு வந்தே?" என்று ஹாலிஸ் அவளிடம் எரிந்து விழுந்தான்.

"உன் படகக் கழுவுறப்ப பொறுக்குனது. நல்லாத்தானே இருக்கு?"

"அதெல்லாம் படுத்துடும்டி!"

"படுத்தா படுக்கட்டும். உனக்கென்ன?"

கொஞ்ச நேரத்தில் அவள் தக்கை ஆடியது. சாய்ந்தது.

"சொன்னேன்ல? ஈயம் கழண்டுடுச்சு. மெதுவா சுத்தி எடு."

"சும்மா தொணதொணக்காதே" என்று அவள் எரிச்சலில் தூண்டில் கம்பை வெடுக்கென்று தூக்கினாள். கம்பு வளைந்தது. வெள்ளியாய் மின்னும் அகலமான மீன் ஒன்று தண்ணீருக்கு மேலே துள்ளியது. ஹாலிஸ் வலையை நீட்டி அதை அள்ளினான்.

அதன் பிறகு நாலு தடவை தக்கை படுத்தது. நாலு தடவையும் அவள் தூக்கினாள், நாலு மீன். ஹாலிஸ் தன் குண்டுத் தக்கையையும் அந்த டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவனைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைத் தராசில் அவளுடைய முதல் மீன் மூன்று பவுண்டைத் தாண்டியது. கைதட்டினார்கள். நான் படம் எடுத்தேன். ஹாலிஸ் முன்னால் வந்து நின்றான்.

"அது என் தக்கை. படத்துக்குக் கீழ அத எழுதணும், ராய்ஸ்."

வெர்னா அவனைக் கவனிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "படுத்தா மீனுன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"எத்தன வருஷமா?"

அவள் டப்பாவை என் மேசையில் கவிழ்த்தாள். எல்லாம் என் கடைச் சரக்கு. "இத்தனையையும் வித்துட்டு, ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் வரல? இவன் போனதும் சிரிப்பியாமே. டெல்மர் பொண்டாட்டி சொன்னா."

ஹாலிஸ் பாய்ந்து என் சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அவன் வெர்னாவின் தோளைத் தொட்டான்.

"அவன விடு வெர்னா. பாவம், அவனுக்குத் தக்கையப் பத்தி என்ன தெரியும்? தெரியும்னு சும்மா சொல்றான். விக்கிறதத் தவிர அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

அவன் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எனக்காகப் பரிந்து பேசினான். மேசையில் கிடந்த தக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு அவளோடு வெளியே போனான்.

படத்தைச் சுவரில் மாட்டிவிட்டேன். அவன் தக்கை என்றும் எழுதினேன். இப்போதெல்லாம் தக்கை வாங்க மட்டும் அவன் வருவதில்லை.