பிக்கப்பைக் கொடுத்து ஜீப் எடுக்கப் போனது

என் பிக்கப்பில் ஒரு குறையும் இல்லை. தேக்காக் கடைத்தெருவில் பாதிக் கடைகளுக்கு நான் விளக்கு மாட்டியது அதில் ஏணியைக் கட்டிக்கொண்டு போய்த்தான். சொன்ன பேச்சைக் கேட்கிற வண்டி. ஆனால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய பிறகு அதைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது. சாமான் ஏற்றுவதற்கான வண்டிதானே, மனிதன் ஊர் சுற்ற அதில் என்ன இருக்கிறது? பழைய ஜீப் ஒன்று வேண்டும், எல்லை தாண்டி மலேசியாவுக்குள் போய் மலைப்பாதையில் ஏற வேண்டும், பக்கத்தில் மனைவி உட்கார்ந்து வர வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மனைவிக்கு இது அடியோடு பிடிக்கவில்லை.

"டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னா, நீங்க மலை ஏறப் போறேங்கிறீங்க."

"ஜீப்தானே ஏறப்போகுது. நான் சும்மா உக்காந்துதான் இருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் என் நகைச்சுவைக்கு வீட்டில் மதிப்பே இல்லை. நான் குளிக்கப் போனால் அவள் கதவுக்கு வெளியே நின்று துணி மடிப்பாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றால் உடனே "என்னங்க?" என்று குரல் வரும். என்னைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். ஜீப் வாங்கப் போகிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தேன்.

இணையத்தில் ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். பழைய ஜீப், நல்ல பிக்கப் கிடைத்தால் அப்படியே மாற்றிக்கொள்ளலாம் என்று. எங்கள் வீடு புக்கிட் மேராவில். அவருடையது தோ பாயோவில். ஒரு மத்தியானம் தனியாகப் போனேன்.

அடுக்குமாடிக் கார்ப்பார்க்கில் மேலே இரண்டாவது தளத்துக்கு வரச் சொல்லியிருந்தார். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. அந்தத் தளத்தில் வேறு வண்டியே இல்லை. ஜீப் மட்டும் நடுவில் நின்றது, குளிப்பாட்டி வைத்ததுபோல. சுற்றிலும் தரை ஈரம். அவர் கையில் துணியோடு தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். என் உயரம், என் வழுக்கை, என்னைப் போலவே கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த நடை. எதிரே கண்ணாடி வைத்துவிட்டார்களோ என்று ஒரு நொடி தோன்றியது.

"ஏறிப் பாருங்க தம்பி."

நான் குட்டையன். யாருடைய வண்டியில் ஏறினாலும் முதலில் சீட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இதில் எதையும் தொடவேண்டியிருக்கவில்லை. கால் தானாகப் பெடலில் போய் உட்கார்ந்தது. மூன்று கண்ணாடிகளும் என் கண்ணுக்கென்றே திருப்பி வைத்தவையாக இருந்தன. உள்ளே லேசாகச் சந்தன வாசனை.

"எப்ப வச்சாங்க?" என்று கேட்டார்.

"எத அண்ணே?"

"ஸ்டென்ட்."

அவரிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. அவர் சிரித்தார். "ஏறும்போது கைய நெஞ்சுல வச்சுக்கிட்டீங்க லா. நானும் அப்படித்தான் ஏறுவேன்."

மருமகன் வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றிக் கொடுக்கும் தொழில் ஆரம்பித்திருக்கிறான், அவனுக்குப் பிக்கப் வேண்டும், அதனால்தான் கொடுப்பதாகச் சொன்னார். ஜீப்பின் முதுகில் தட்டி, "வண்டி வச்சுக்கிற சிஓஇ உரிமம் புதுப்பிச்சாச்சு. இவனுக்கு இன்னும் அஞ்சு வருஷம் ஆயுசு இருக்கு. என்னைவிடக் கூட" என்றார். இருவரும் சிரித்தோம். அங்கே எங்கள் சிரிப்பு சுவரில் பட்டு நாலைந்து பேர் சிரிப்பாகத் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்வதாகக் கை கொடுத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் தேக்காவில் ஒரு நகைக்கடைக்கு வெளியே ஏணியில் நின்றுகொண்டிருந்தபோது அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "சொல்லுங்கண்ணே" என்றேன். பேச்சில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. கிழவனார் வண்டியின் குரலைக் கேட்க வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சின்னப் பிசிறுகூட இல்லாத சத்தம். தெரு இரைச்சலுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஆசையாகக் கேட்டேன். "பிரமாதம்ணே! ஞாயித்துக்கிழம வந்துடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை நேரம் கேட்க அவர் எண்ணுக்கே அழைத்தேன். இளம் குரல் ஒன்று எடுத்தது. பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"இன்னைக்கு எடுக்கிறதா இருந்துச்சே, எப்போ எடுக்கிறது?" என்று கேட்டேன்.

"நாலு மணிக்கு எடுக்கிறோம் அங்கிள். கீழதான் வச்சிருக்கு. நேரா வந்துடுங்க."

கார்ப்பார்க்கிலிருந்து ஜீப்பைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள் போல, என்ன ஒரு பொறுப்பு என்று மனைவியிடம் மெச்சிக்கொண்டேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். ஆனாலும் பூசை போடாமல் அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். தேக்காவில் வண்டியின் முன்பக்கத்துக்கு அளவாக ரோஜாவும் சம்பங்கியும் கலந்த பெரிய மாலை கட்டி வாங்கினோம். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து நசுக்க எலுமிச்சம்பழங்களை அவள் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன்.

பிக்கப்பை நிறுத்திவிட்டு இறங்கியபோது அவருடைய புளோக்கின் கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது தெரிந்தது. வட்ட மேசைகள், பாக்கெட் பானங்கள். ஏதோ மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணம், அவர்கள் இப்படிக் கீழ்த்தளத்தில்தானே வைப்பார்கள் என்று நினைத்தேன். ஜீப் எங்கே என்று தேடியபடி, இரண்டு கையிலும் மாலையைத் தாங்கிக்கொண்டு நடந்தேன். அப்போதுதான் சங்கு ஊதினார்கள்.

மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். அதற்குள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். மாலையோடு வருகிறவனுக்கு வழிவிடுவதுதானே வழக்கம், கூட்டம் இரண்டாக விலகியது. "தம்பி வந்துட்டாரு" என்று ஒரு பெண் குரல் சொன்னது. யாருடைய தம்பி என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாக் கண்களும் என்மேல்தான் இருந்தன. திரும்பி ஓட வழியில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

அவர்தான். நெற்றியில் திருநீறு, மழித்த முகம். அன்று காலை நான் சவரம் செய்துகொண்ட அதே முகம். இறந்துபோனால் நான் எப்படி இருப்பேன் என்பதை நின்று பார்க்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? எனக்கு வேண்டாத வாய்ப்பு. ஜீப்புக்கு வாங்கிய மாலையை அவருக்குப் போட்டேன். அளவு சரியாக இருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் என்னை யாரோ தள்ளிக்கொண்டு போனதுபோல நடந்தது. போனில் கேட்ட இளம் குரல், அவருடைய மருமகன், "அங்கிள், நீங்க தலைமாட்டுல பிடிங்க" என்றான். போய்த் தோள் கொடுத்தேன். பெட்டியின் கனம் இன்றும் தோளில் இருக்கிறது. சொன்னபடி நாலு மணிக்கு எடுத்தோம். பெட்டியை வண்டியில் ஏற்றியதும் ஆண்கள் எல்லாரும் பேருந்தில் மண்டாய்ச் சுடலைக்குப் புறப்பட்டார்கள். என்னையும் ஏறச் சொன்னபோது மனைவி என் கையை விடவில்லை.

கீழ்த்தளத்தைக் கழுவ ஆரம்பித்திருந்தார்கள். அவருடைய மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடி எங்களைக் கூப்பிட்டார்.

"நீங்கதானே பிக்கப்காரரு?"

"ஆமாக்கா."

"வெள்ளிக்கிழம வண்டியக் கழுவப் போனாரு. ரொம்ப நேரமாக் காணோமேன்னு போய்ப் பார்த்தா, உள்ள உக்காந்த மேனிக்கே இருக்காரு. எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கு. கையில போனு. கடைசியா உங்களுக்குத்தான் போட்டிருக்காரு." என் முகத்தையே பார்த்தார். "என்ன சொன்னாரு?"

ஏணியில் நின்றபடி நான் ஆசையாகக் கேட்டது என்ன என்பது அந்த நிமிடம்தான் புரிந்தது. பிசிறில்லாத அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறு ஏதாவது கேட்டதா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

"வண்டிச் சத்தத்தக் கேக்க வச்சாருக்கா" என்றேன்.

"எல்லாருக்கும் அப்படித்தான் கேக்க வைப்பாரு" என்று தலையாட்டினார். பிறகு இடுப்பிலிருந்து ஜீப் சாவியை எடுத்து நீட்டினார். "வாக்குக் குடுத்துட்டாரு. நாங்க மாற மாட்டோம். எடுத்துக்குங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் என் கை உயர்ந்தது. நான் உயர்த்தவில்லை, அது தானாகச் சாவியை நோக்கிப் போனது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் பயமாக இருக்கிறது. மனைவி என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். நாடி பார்ப்பவளைப் போல விரல்களை அழுத்திக்கொண்டு நின்றாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த வண்டி எங்களுக்கு வேணாம். இவரு எனக்கு இன்னும் கொஞ்ச காலம் வேணும்" என்றாள்.

அந்த அம்மா கோபப்படவில்லை. நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"எனக்கும் அவரு வேணும்னுதாம்மா, அந்த வண்டிய யாருக்காவது குடுத்துடுங்கன்னு ஒத்தக்கால்ல நின்னேன்" என்றார்.